பேட்டரிக் கருவியின் சிறு திரைக்குப் பின்னொளி: ரெசிஸ்டர் முதல் பூஸ்ட் டிரைவர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஒன்றில் மின்சாரத்தை அதிகம் தின்பது எது என்று கேட்டால், பலரும் கருவியை இயக்கும் சில்லான மைக்ரோகண்ட்ரோலரைத்தான் கைகாட்டுவார்கள். மல்டிமீட்டரை இடையில் இணைத்துப் பார்த்தால் கதை வேறு. கையடக்க வண்ண எல்சிடி திரையில் படிகத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் சில மில்லிஆம்பியர் போதும். பின்னால் இருக்கும் வெள்ளை எல்இடிகளோ 20 முதல் 80 மில்லிஆம்பியர் வரை கேட்கும். அப்படியிருந்தும், திட்டத்தின் கடைசி நாளில் கைக்குக் கிடைத்த ரெசிஸ்டரைப் போட்டு ஒப்பேற்றப்படும் பகுதி இந்தப் பின்னொளிதான்.

அப்படிப் போட்டாலும் மேசையில் எல்லாம் நன்றாகவே எரியும், ஏனென்றால் அப்போது பேட்டரி நிரம்பியிருக்கிறது. ஒரு பின்னொளிச் சுற்று தேறுமா தேறாதா என்பது லித்தியம் பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் தெரியும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த 3.4 வோல்ட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பின்னொளி தேவைதானா?

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, அதற்குப் பின்னொளி கிடையாது. மின்தாள் திரைகளும் வெளியொளியைத் திருப்பி அனுப்பும் எல்சிடிகளும் பகல் வெளிச்சத்தில் பின்னொளி இல்லாமலே தெளிவாகத் தெரியும். வெளியொளியையும் பின்னொளியையும் இரண்டையும் பயன்படுத்தும் கலப்பு வகைத் திரை கிடைத்தால், பொத்தானை அழுத்தினால் மட்டும் விளக்கு எரிந்தால் போதும். ஆனால் டிஎஃப்டி எனப்படும் சாதாரண வண்ண எல்சிடி திரையில் இந்தச் சலுகை கிடையாது. பின்னொளியை அணைத்தால் படம் அங்கேயே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த வகைக்கும், வெள்ளை எல்இடி பொருத்திய ஒற்றை நிற எல்சிடிக்கும்தான்.

படி 2: உள்ளே எத்தனை எல்இடி, எப்படி இணைத்திருக்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கணக்கும் போட முடியாது. வெள்ளை எல்இடி ஒன்று எரிய ஏறத்தாழ 2.8 முதல் 3.4 வோல்ட் வேண்டும். உற்பத்தியாளர்கள் அவற்றைப் பக்க இணைப்பில் வைத்திருப்பார்கள், அல்லது தொடராகக் கோத்திருப்பார்கள். பக்க இணைப்பென்றால் 3 வோல்ட் சுற்றி மின்னழுத்தம் போதும், மின்னோட்டம் கூடும். தொடர் இணைப்பென்றால் 20 மில்லிஆம்பியரே போதும், ஆனால் ஆறு எல்இடிக்கு 19 வோல்ட்டைத் தொட வேண்டும்.

உற்பத்தியாளரின் விவரத்தாளான டேட்டாஷீட் இருந்தால் பின்னொளிப் பகுதியில் ஒரு சிறு சுற்றுப்படம் இருக்கும். பார்த்து முடித்துவிடலாம். இல்லாவிட்டால் மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மேசை மின்வழங்கியை எடுங்கள். வரம்பை 5 மில்லிஆம்பியரில் வைத்து, மின்னழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல உயர்த்துங்கள். 2.7 வோல்ட் அருகில் மங்கலாக ஒளி வந்தால் ஒற்றை எல்இடி அல்லது பக்க இணைப்பு. 5.5 அருகில் வந்தால் இரண்டு தொடரில். 8 தாண்டி வந்தால் மூன்று. ஒளியே வராவிட்டால் முனைகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், ஆனால் தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள். வெள்ளை எல்இடிகளுக்கு எதிர்த்திசைத் தாங்குதிறன் பொதுவாக அவ்வளவுதான்.

மல்டிமீட்டரின் டயோடு சோதனையை இதற்கு நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் அந்த நிலையில் 3 வோல்ட்டுக்குக் கீழேதான் தருகின்றன. வெள்ளை எல்இடி அசையாது, நீங்கள் திரை பழுது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

தனித் திரைக்குப் பதில் சிறு பலகையில் ஏற்றிய தொகுதியாக வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. எஸ்டி7735, எஸ்டி7789 சில்லுகள் கொண்ட தொகுதிகளில் பின்னொளி முனை ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. சிலவற்றில் அந்த முனை ஒரு ரெசிஸ்டர் வழியாக நேரே எல்இடிக்குப் போகிறது. சிலவற்றில் ஒரு டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. முனையை 3.3 வோல்ட்டுடன் மில்லிஆம்பியர் மீட்டர் வழியாக இணைத்துப் பாருங்கள். 20, 30 என்று ஓடினால் அது எல்இடியின் மின்னோட்டமே. ஒன்றிரண்டு மில்லிஆம்பியரில் நின்றுகொண்டு திரை பளிச்சென்று எரிந்தால் உள்ளே டிரான்சிஸ்டர் இருக்கிறது, அப்போது உங்கள் வேலை பாதி முடிந்தது.

படி 3: எவ்வளவு ஒளி போதும் என்று முதலில் பாருங்கள்

டேட்டாஷீட்டில் 20 மில்லிஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கட்டளையாக எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அது உற்பத்தியாளர் ஒளியை அளந்த நிலை. அதையே நீங்களும் கொடுக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. கருவி பயன்படப்போகும் வெளிச்சத்தில் திரையை வைத்து, மின்வழங்கியின் வரம்பை 20லிருந்து 15, 10, 5 என்று இறக்கிப் பாருங்கள். அறைக்குள் வைக்கும் கருவிக்குப் பெரும்பாலும் 5க்கும் 8க்கும் இடையில் மனம் நிறைந்துவிடும்.

காரணம் கண்ணில் இருக்கிறது. கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் பார்ப்பவருக்கு முக்கால் பங்கு வெளிச்சம் இருப்பதாகவே தோன்றும். கால்வாசியாக்கினால்தான் பாதி குறைந்ததுபோல் படும். போதாக்குறைக்கு வெள்ளை எல்இடிகள் குறைந்த மின்னோட்டத்தில் ஒரு மில்லிஆம்பியருக்குக் கூடுதல் ஒளி தருகின்றன, சூடும் குறைவு, ஆயுளும் நீளும். வேறெந்தச் சில்லை மாற்றினாலும் இந்த ஒரு படியில் மிச்சமாகும் அளவுக்கு மிச்சமாகாது.

கணக்கைப் பாருங்கள். 1000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, சுற்றின் மற்ற பகுதிக்கு 15 மில்லிஆம்பியர், பின்னொளிக்கு 60. மொத்தம் 75, ஆகவே 13 மணி நேரம். பின்னொளியை 20க்கு இறக்கினால் மொத்தம் 35, அதே பேட்டரி 28 மணி நேரத்துக்கு மேல் வரும். இனி, ஒரு நாளில் 30 முறை, ஒவ்வொரு முறையும் 10 விநாடி மட்டுமே திரையைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 5 நிமிடம். 60 மில்லிஆம்பியரிலேயே எரியவிட்டாலும் நாளொன்றுக்குச் செலவு 5 மில்லிஆம்பியர்-மணிதான். இப்படிப்பட்ட கருவியில் டிரைவரின் செயல்திறன் 80 விழுக்காடா 90 விழுக்காடா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். அதே கருவியில் அணைத்த நிலையில் கசியும் 200 மைக்ரோஆம்பியர் நாளொன்றுக்கு ஏறத்தாழ அதே 5 மில்லிஆம்பியர்-மணியைக் குடித்துவிடும்.

படி 4: பேட்டரியின் முழு வீச்சையும் எழுதிக்கொள்ளுங்கள்

லித்தியம் அயனிக் கலம் நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட். ஆயுளின் பெரும்பகுதியை 3.9க்கும் 3.6க்கும் இடையில் கழிக்கும். 3.4க்குக் கீழே சரிவு வேகம், 3.0இல் நிறுத்திவிட வேண்டும். மூன்று ஆல்கலைன் பேட்டரிகள் தொடரில் 4.8லிருந்து 2.7 வரை இறங்கும். இரண்டென்றால் 3.2லிருந்து 1.8. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 3.2 வோல்ட்டில் நீண்ட நேரம் அசையாமல் நிற்கும். பொத்தான் பேட்டரியான சிஆர்2032ஐப் பின்னொளிக்கு நினைக்கவே வேண்டாம். அதன் உள்மின்தடை அதிகம், 20 மில்லிஆம்பியர் கேட்ட மாத்திரத்தில் மின்னழுத்தம் சரிந்து மைக்ரோகண்ட்ரோலரையும் சேர்த்து மயக்கிவிடும்.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் எல்இடித் தொகுதியின் மின்னழுத்தத்தை எழுதுங்கள். பேட்டரி எப்போதும் மேலே இருந்தால் ரெசிஸ்டரோ நேரியல் மின்னோட்டக் கட்டுப்பாடோ போதும். எப்போதும் கீழே இருந்தால் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் பூஸ்ட் சுற்றைத் தவிர வழியில்லை. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால்தான் யோசிக்க வேண்டும். ஒற்றை லித்தியம் கலமும் ஒற்றை வெள்ளை எல்இடியும் சரியாக அந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

படி 5: வழியைத் தேர்ந்தெடுங்கள்

*ரெசிஸ்டர்.* ஏளனமாகப் பார்க்கப்படும் இந்த வழிக்காக நான் கொஞ்சம் வாதாடுவேன். நிரம்பிய பேட்டரியில் 20 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், எல்இடிக்கு 3.15 வோல்ட் போக மிச்சம் 1.05. அதை 0.02 ஆல் வகுத்தால் 52.5, அடுத்த நிலையான மதிப்பு 56 ஓம். நிரம்பிய பேட்டரியில் ஏறத்தாழ 19 மில்லிஆம்பியர் ஓடும். 3.7 வோல்ட்டில் 12. 3.4இல் 7 அல்லது 8. 3.2இல் 5 அளவில். எல்இடியின் மின்னழுத்தமும் மின்னோட்டத்தோடு சேர்ந்து இறங்குவதால்தான் இந்தச் சரிவு எதிர்பார்ப்பதைவிட மென்மையாக இருக்கிறது.

19லிருந்து 5 என்பது கால்வாசி. கண்ணுக்குப் பாதி. அதுவும் பல மணி நேரத்தில் மெல்ல நடப்பதால் பயன்படுத்துபவர் கவனிக்கவே மாட்டார். செயல்திறன்? 3.7 வோல்ட்டில் எல்இடிக்கு 3.03 வோல்ட் போகிறது, அதாவது 82 விழுக்காடு. சாதாரண பூஸ்ட் சில்லும் இதே அளவில்தான் நிற்கும், அதோடு கம்பிச்சுருளான இண்டக்டரும் டையோடும் பலகையில் இடமும் கேட்கும். ஆகவே ஒற்றை எல்இடி அல்லது பக்க இணைப்புத் திரை, லித்தியம் கலம், அறைப் பயன்பாடு என்றால் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பக்க இணைப்பில் ஒவ்வோர் எல்இடியின் எதிர்முனையான கத்தோடும் தனித்தனி முனையாக வெளியே வந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு ஒரே ரெசிஸ்டரில் விட்டால், மின்னழுத்தம் சற்றுக் குறைந்த எல்இடி மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுக்கும். திரையின் ஒரு மூலை பளிச்சென்றும் மறுமூலை மங்கியும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

ரெசிஸ்டரை எங்கிருந்து இணைப்பது என்பதும் முக்கியம். மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் வெளியீட்டிலிருந்து எடுப்பதே பலருக்கும் வழக்கம். அங்கே எல்இடி போக மிச்சம் 0.2 வோல்ட். அவ்வளவு குறுகிய இடைவெளியில் எல்இடிக்கு எல்இடி உள்ள சிறு வேறுபாடே மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கவோ பாதியாக்கவோ செய்யும். பேட்டரியிலிருந்தே நேராக எடுங்கள். ரெகுலேட்டருக்கும் சுமை குறையும். அந்த ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117 ஆக இருந்தால் அதையே மாற்றிவிடுங்கள். ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி கேட்டு, சும்மா இருக்கும்போதும் சில மில்லிஆம்பியர் குடிக்கும் அந்தச் சில்லுக்கு லித்தியம் பேட்டரிக் கருவியில் வேலையே இல்லை.

*நேரியல் மின்னோட்டக் கட்டுப்பாடு.* பேட்டரி இறங்கினாலும் ஒளி மாறக் கூடாது என்றால் இது. இதற்கென்றே வரும் சில்லுகள் நூறு மில்லிவோல்ட் சுற்றிய இடைவெளியிலேயே வேலை செய்யும். பாடநூல்களில் வரும் இரண்டு டிரான்சிஸ்டர் சுற்று இங்கே பொருந்தாது. அதில் மின்னோட்டத்தை அளக்கும் ‘அளவு ரெசிஸ்டரே’ 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும், 3.7இலேயே தடுமாறத் தொடங்கும்.

*சார்ஜ் பம்ப்.* இண்டக்டர் இல்லாமல் கெபாசிட்டர்களாலேயே மின்னழுத்தத்தை ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ ஆக்கும். பலகை சிறியது, ரேடியோ பக்கத்தில் இருக்கிறது, இண்டக்டரின் இரைச்சல் வேண்டாம் என்றால் நல்ல தேர்வு. ஆனால் ஒன்றரை மடங்கு நிலைக்குத் தாவியதும் செயல்திறன் சட்டென்று விழும். 3.4 வோல்ட் பேட்டரி, 3.1 வோல்ட் எல்இடி என்றால் 61 விழுக்காட்டைத் தாண்ட முடியாது.

*பூஸ்ட் டிரைவர்.* தொடர் இணைப்புத் திரைக்கும் இரண்டு ஆல்கலைன் பேட்டரிக்கும் இதுவே வழி. இங்கேதான் தவறுகள் குவிகின்றன, ஆகவே நின்று பார்ப்போம்.

எல்இடி டிரைவர் சில்லு வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கவனிப்பதில்லை. எல்இடித் தொடரின் அடியில் உள்ள ஒரு சிறு ரெசிஸ்டரின் மேல் நிற்கும் மின்னழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அது 200 மில்லிவோல்ட்டில் நிற்கும் சில்லில் 20 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் 10 ஓம். பரவலாகக் கிடைக்கும் எம்டி3608 போன்ற பொது பூஸ்ட் சில்லில் அந்த அளவு 0.6 வோல்ட், ஆகவே 30 ஓம். ஆறு எல்இடித் தொடரில் அந்த 0.6 வோல்ட் 3 விழுக்காட்டு இழப்புதான், பொறுத்துக்கொள்ளலாம். ஓரிரு எல்இடிக்கு அதையே போட்டால் 10 முதல் 20 விழுக்காடு ரெசிஸ்டரில் போய்விடும்.

பொது பூஸ்ட் தொகுதியின் திருகைச் சுழற்றி 19 வோல்ட் வைத்து எல்இடித் தொடரை நேரே இணைக்கக் கூடாது. எல்இடி சூடானால் அதன் மின்னழுத்தம் குறையும், நிலையான மின்னழுத்தத்தில் மின்னோட்டம் ஏறும், இன்னும் சூடாகும். மேலும் அந்தத் தொகுதிகள் பலவற்றில் சில்லை ஏற்றி அணைக்கும் இயக்கு முனை உள்ளீட்டோடு நிரந்தரமாக இணைந்திருக்கும், அணைக்க வழியிருக்காது.

உள்ளீட்டுப் பக்கம் எவ்வளவு ஓடும்? 19.2 வோல்ட் பெருக்கல் 20 மில்லிஆம்பியர், 384 மில்லிவாட். செயல்திறன் 82 விழுக்காடு என்றால் பேட்டரி தர வேண்டியது 468 மில்லிவாட். 3.7 வோல்ட்டில் 127 மில்லிஆம்பியர், 3.2இல் 146. பேட்டரி இறங்க இறங்க இழுவை கூடுகிறது, ரெசிஸ்டருக்கு நேர் எதிர். இண்டக்டரின் உச்ச மின்னோட்டம் இந்தச் சராசரியைவிட நன்றாக மேலே போகும் என்பதால், 10 அல்லது 22 மைக்ரோஹென்றி மதிப்பில், 400 அல்லது 500 மில்லிஆம்பியர் வரை நிறைவுறாத ஒன்றை எடுங்கள். டையோடு 40 வோல்ட் ஷாட்கி. வெளியீட்டுக் கெபாசிட்டர் 1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். குறைந்த மின்னழுத்த மதிப்புள்ள செராமிக் கெபாசிட்டர் 19 வோல்ட் ஏறியதும் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்துவிடும், எழுதியிருக்கும் எண் அங்கே பேச்சுக்குத்தான். உள்ளீட்டில் 4.7 அல்லது 10 மைக்ரோஃபாரட், சில்லை ஒட்டி. சுவிட்ச் முனை, டையோடு, வெளியீட்டுக் கெபாசிட்டர் மூன்றும் சேர்ந்து செய்யும் வளையம் பலகையில் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

திரையின் நாடாக் கேபிள் கழன்றால் என்ன ஆகும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரில் மின்னோட்டம் இல்லை என்று கண்ட சில்லு, வெளியீட்டை ஏற்றிக்கொண்டே போகும். பெரும்பாலான எல்இடி டிரைவர்களில் இதைத் தடுக்கும் காப்பு உள்ளேயே இருக்கும். பொது பூஸ்ட் சில்லில் இருக்காது, தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். வெளியீட்டிலிருந்து, அளவு ரெசிஸ்டரைக் கவனிக்கும் பின்னூட்ட முனைக்குத் தொடரின் மின்னழுத்தத்தைவிடச் சில வோல்ட் கூடுதலான ஸீனர் டையோடைப் போட்டு, பின்னூட்ட முனைக்கும் அளவு ரெசிஸ்டருக்கும் இடையில் ஒரு கிலோஓம் வையுங்கள்.

இன்னொன்று: பூஸ்ட் சில்லை அணைத்தாலும் பேட்டரி, இண்டக்டர், டையோடு, எல்இடி என்ற பாதை திறந்தே இருக்கிறது. ஆறு எல்இடித் தொடரில் 4.2 வோல்ட்டால் எதுவும் நகராது. ஒற்றை எல்இடியில், அணைத்த பிறகும் திரை மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்.

படி 6: அணைக்கவும் மங்கலாக்கவும்

எல்இடியின் கத்தோடு உங்கள் கைக்கு எட்டினால் அங்கே சுவிட்சாக வேலை செய்யும் ஓர் என்-சேனல் மாஸ்ஃபெட்டைப் போடுங்கள். அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டில் 2.5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் ஏஓ3400 போன்றதாக இருக்கட்டும். 2என்7002க்குத் திறப்பு மின்னழுத்தமே 2.5 வரை போகலாம், 3.3 வோல்ட்டில் ஒன்று ஓடும், அடுத்தது முரண்டு பிடிக்கும். கேட்டிலிருந்து தரைக்கு ஒரு 100 கிலோஓம் கட்டாயம். மைக்ரோகண்ட்ரோலர் விழிக்கும் கணத்திலும் ஆழ்ந்த உறக்கத்திலும் அதன் முனை அந்தரத்தில் தொங்கும். இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பின்னொளி கண்சிமிட்டும், சில நேரம் பாதி எரிந்தபடி பேட்டரியை இரவு முழுவதும் வடிக்கும்.

தொகுதியில் கத்தோடு தரையோடு ஒட்டியிருந்தால் மேல்பக்கம் பி-சேனல் மாஸ்ஃபெட் வேண்டும். அதன் சோர்ஸ் பேட்டரியில், அதாவது 4.2 வோல்ட்டில். கேட்டை 3.3 வோல்ட் முனையால் நேராக இயக்கினால், அணைக்கும்போதும் 0.9 வோல்ட் வித்தியாசம் மிஞ்சும். ஏஓ3401 போன்றவற்றில் சில அதிலேயே திறந்துகொள்ளும். கேட்டைப் பேட்டரிக்கு 10 கிலோஓமால் கட்டிவிட்டு, கீழே ஒரு சிறு என்பிஎன் டிரான்சிஸ்டரால் இழுங்கள்.

மங்கலாக்குவதற்கு, விளக்கை வேகமாக எரித்து அணைக்கும் துடிப்பகல மாற்றம், அதாவது பிடபிள்யூஎம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கண் துடிப்பை உணரக்கூடும். நேரடி மாஸ்ஃபெட் சுற்றுக்கு 1 கிலோஹெர்ட்ஸ் வசதி. பூஸ்ட் டிரைவருக்கு டேட்டாஷீட் சொல்லும் வீச்சையே பின்பற்றுங்கள். சில சில்லுகள் இயக்கு முனையில் பல கிலோஹெர்ட்ஸ் எதிர்பார்க்கும், சில ஒவ்வொரு முறையும் மெதுவாகத் தொடங்கி எல்லாவற்றையும் குழப்பும். செராமிக் கெபாசிட்டர்கள் கேட்கும் அதிர்வெண்ணில் மெல்லிய குரலில் பாடவும் செய்யும். இரவில் தலைமாட்டில் வைக்கும் கருவி என்றால் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடுங்கள்.

படி 7: நிரலில் செய்ய வேண்டியவை

ஒளி நிலைகளை 10, 20, 30 விழுக்காடு என்று சம தூரத்தில் வைத்தால் கீழ்ப்பகுதியில் தாவும், மேல்பகுதியில் எதுவும் மாறாது. 2, 6, 15, 35, 100 போன்ற வரிசை கண்ணுக்குச் சீராகப் படும்.

பின்னொளியை ஒரேயடியாக ஏற்றாமல் 200 மில்லிவிநாடியில் படிப்படியாக ஏற்றுங்கள். பார்க்க அழகு என்பதற்காக மட்டுமல்ல, சோர்ந்த பேட்டரியில் திடீரென்று 100 மில்லிஆம்பியர் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து கருவி மறுபடி தொடங்கும், தொடங்கியதும் மறுபடி பின்னொளியை ஏற்றும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பேட்டரி அளவீட்டையும் பின்னொளி எரியத் தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரையைப் பார்க்கும்போதெல்லாம் பேட்டரி குறைந்திருப்பதாகவே காட்டும்.

ரெசிஸ்டர் சுற்றிலும் நிலையான ஒளி வேண்டுமென்றால் நிரலாலேயே ஈடுகட்டலாம். 56க்குப் பதில் 33 ஓம் போட்டால் 3.5 வோல்ட்டில் 12 அல்லது 13 மில்லிஆம்பியர் கிடைக்கும், 4.2இல் 29. அளந்த பேட்டரி மின்னழுத்தத்தைப் பொறுத்துத் துடிப்பின் அகலத்தைக் குறைத்துச் சராசரியை 12இல் வைக்கலாம். 33க்குக் கீழே இறங்க வேண்டாம். நிரல் உறைந்து முனை விளக்கு எரியும் நிலையிலேயே நின்றுவிட்டாலும், பல வெள்ளை எல்இடிகளின் உச்ச வரம்பான 30 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

படி 8: பேட்டரி இல்லாமல் சோதியுங்கள்

பேட்டரியின் இடத்தில் மேசை மின்வழங்கியை இணைத்து, அதோடு தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். பழைய கலத்தின் உள்மின்தடைக்கும் கம்பிகளுக்கும் அது ஈடு. 4.2லிருந்து 3.2 வரை 0.1 வோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் பின்னொளியை அணைத்து ஏற்றுங்கள். மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் கருவி மறுதொடக்கம் ஆகிறது, எங்கே ஒளி துடிக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மறுதொடக்கம் 3.5க்கு மேலேயே வந்தால் உள்ளீட்டுக் கெபாசிட்டரைப் பெரிதாக்குங்கள் அல்லது ஒளி ஏறும் வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாகக் கருவியை உறக்கத்தில் விட்டு, மீட்டரை மைக்ரோஆம்பியர் வீச்சில் வையுங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு திரையின் நாடாக் கேபிளைக் கழற்றுங்கள். எண் இறங்கினால் அந்த வித்தியாசம் திரைத் தொகுதியின் வழியாகக் கசிவது. திரையின் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு உறக்கக் கட்டளை அனுப்பியபின் கேபிளைத் திரும்பப் பொருத்தி இன்னொரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் அப்போதும் மறையவில்லை என்றால் பின்னொளி மாஸ்ஃபெட்டின் கேட்டில் மீட்டரை வையுங்கள். என்-சேனலில் தரையின் பூஜ்யமும் பி-சேனலில் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் அங்கே தெரிய வேண்டும்.